பணம் கேட்கும் பதிப்பகமும் எழுத்தாளர் சங்கமும்

கேள்வி: நான் ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் புனைகதை நாவலை வெளியிட ஓர் அமெரிக்கப் பதிப்பகம் முன்வந்துள்ளது. அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்க வேண்டுமாம். எல்லா மொழி உரிமைகளும் அவர்களுக்கே என்கிறது ஒப்பந்தம். அங்குள்ள எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தால் பாதுகாப்புக் கிடைக்குமா?

பதில்: எழுத்தாளர் டேமன் நைட் 1965இல் தொடங்கிய, அறிவியல் புனைவு, மிகைபுனைவு நூல்களுக்கு நெபுலா விருதுகளை வழங்கிவரும் அத்துறை எழுத்தாளர்களின் சங்கமான எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ.வையே குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். அதில் சேர அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்தால் ஈட்டிய வருமானத்தைக் காட்ட வேண்டும். 2022இல் வந்த விதிப்படி, அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்துகளால் இதுவரை மொத்தம் 100 டாலர் ஈட்டியவர் இணை உறுப்பினராகலாம். முழு உறுப்பினராவதற்கு 1,000 டாலர் வேண்டும். தொழில்முறைச் சன்மானம் என்று சங்கம் ஏற்கும் குறைந்தபட்ச அளவு சொல்லுக்கு 8 சென்ட் என்பதால், 4,000 சொற்களில் எழுதிய கதைக்கு 320 டாலர் கிடைக்கும். முதல் படியை ஒரே கதையில் தாண்டிவிடலாம், மூன்று கதைகள் விற்றாலோ 960 டாலர்தான், முழு உறுப்பினராக 40 டாலர் குறையும்.

உங்கள் சிக்கலுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மோசடிப் பதிப்பகங்களையும் முகவர்களையும் பற்றி எச்சரிப்பதற்காகச் சங்கத்தின் ஆதரவில் இயங்கும் ‘ரைட்டர் பிவேர்’ இணையதளம் உறுப்பினரல்லாதவருக்கும் இலவசம்; பதிப்பகத்தின் பெயரை முதலில் அங்கே தேடிப் பாருங்கள். பணம் பதிப்பாளரிடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டுமே தவிர, எதிர்த்திசையில் போகக் கூடாது என்பது அத்துறையில் பழகிப்போன விதி. பாதிச் செலவைக் கேட்பவர் நூலை விற்று லாபம் காணும் அவசியமே இல்லாதவர் என்பது என் கருத்து.

அடுத்து, சங்கம் வெளியிட்டிருக்கும் மாதிரி ஒப்பந்தங்களை உங்களுடையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எல்லா மொழிகளும் என்ற அந்த ஒரு சொற்றொடரால், உங்கள் நாவலை நீங்களே தமிழில் எழுதி வெளியிடவும் அவர்களிடம் அனுமதி கேட்க நேரும். நூல் விற்பனையில் இல்லாமற்போனால் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்ற பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிப்பாளருடன் தகராறு மூண்டால் உறுப்பினர் சார்பில் பேச, ‘கிரீஃப்காம்’ எனப்படும் குறைதீர்ப்புக் குழு சங்கத்தில் உண்டு. ஆனால் அது நீதிமன்றம் அன்று, பேச்சுவார்த்தைதான் அதன் கருவி. ஆகவே, செலவுப் பங்கை நீக்குவது, தமிழ் உரிமையை உங்களிடமே விடுவது, உரிமை திரும்புவதற்குக் காலவரையறை இடுவது ஆகிய திருத்தங்களை இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள்; தொலைபேசியில் கிடைக்கும் வாக்குறுதியை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.