டிரையர்காரரை முதலில் திரும்பக் கூப்பிடுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு அரிசி ஆலை இருக்கிறது. இரண்டு ஷிப்ட், 38 பேர். மாதம் ஒருமுறை எல்லாரையும் கூட்டி, 'மனசுல உள்ளதைச் சொல்லுங்க' என்று கேட்கிறேன். ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஆனால் முக்கு டீக்கடையில் ஆலையைப் பற்றிப் பேசாத பேச்சில்லையாம். போன வருஷம் டிரையர் (நெல் காயவைக்கும் மெஷின்) பார்க்கிற ஒருத்தர் மட்டும் கூட்டத்தில் ஏதோ குறை சொன்னார். கொஞ்ச நாளில் மேனேஜர் அவரை லோடு ஏற்றும் பக்கம் மாற்றிவிட்டார். அது வேறு காரணம். 'ஆட்களைப் பேசவிட்டால் கட்டுப்பாடு போயிரும்' என்பது மேனேஜர் கட்சி. வெளிப்படையான பேச்சால் ஆலைக்கு உண்மையிலேயே லாபம் உண்டா?
(வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்)

பதில்: வேறு காரணம் இருந்திருக்கலாம். அது உங்களுக்கும் மேனேஜருக்கும்தான் தெரியும். மற்றவர்கள் கண்ணால் பார்த்தது, கூட்டத்தில் பேசினவர் மூட்டை தூக்கப் போனதை. அன்றைக்கே உங்கள் மாதக் கூட்டம் செத்துப்போய்விட்டது. முதல் வேலையாக அவரை டிரையருக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். ரகசியமாக வேண்டாம், ஷிப்ட் மாறும் நேரத்தில், நாலு பேர் நிற்கும்போது, மேனேஜர் வாயாலேயே. 'அன்னைக்கு நீங்க சொன்னதைச் சரியாக் கேக்கல, இப்பம் சொல்லுங்க' என்றால் போதும். இதற்கு மனம் வராவிட்டால் கீழே எழுதியிருக்கும் எதையும் செய்து பார்க்க வேண்டாம், பலிக்காது.

அவர் என்ன குறை சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. 'ஏதோ குறை' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு உறுத்துகிறது. டிரையர் பக்கம் நிற்கிறவர் சொல்லக்கூடியவற்றில், பணத்தைத் தின்கிற குறை ஒன்று உண்டு. அவித்து இறக்கிய நெல்லில் ஈரம் 35 சதவீதம் போல இருக்கும். அரைவைக்கு அது 14-க்கு இறங்க வேண்டும். ஒரே மூச்சில் காயவைத்தால் மணியின் வெளிப்பக்கம் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி, அந்த இழுப்பில் மணி விரிசல் விடும். விரிசல் அப்போது கண்ணுக்குப் படாது. அரிசியைத் தீட்டும் பாலிஷரில் போன பிறகுதான் குருணையாகக் கொட்டும். அதனால்தான் 18 சதவீதம் வாக்கில் சூட்டை நிறுத்தி, சில மணி நேரம் ஆறப்போட்டு, அப்புறம் இரண்டாவது சுற்று ஓட்டுவது. ராத்திரி ஷிப்டில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஆறப்போடும் நேரம். 'காலையில ஆறு மணிக்கு லாரி கிளம்பணும்' என்று மேலேயிருந்து சொல்லியாயிற்று. பிறகு அவர் என்ன செய்வார்?

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 10 டன் அரிசி ஆட்டும் ஆலையில் குருணை 2 சதவீதம் கூடினால் 200 கிலோ. முழு அரிசிக்கும் குருணைக்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் தினம் 3,000 ரூபாய். 26 வேலை நாளுக்கு 78,000. உங்கள் ஆலையின் எண்களைப் போட்டுப் பாருங்கள், லாபம் உண்டா என்ற கேள்விக்குப் பதில் ரூபாயில் கிடைக்கும்.

இந்தக் குறையைச் சொல்ல வேண்டுமென்றால் டிரையர்காரர் மெஷினைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. லாரி நேரம் வைத்த உங்களைத்தான் சொல்ல வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, டீ ஆறிப்போய் வருகிறது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆலையை மாற்றக்கூடிய பேச்சு எங்கேயாவது ஓரிடத்தில் முதலாளி போட்ட உத்தரவில் போய் முட்டும். அந்த இடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்தவர் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப ஒரு ராத்திரிதான் பாக்கி. பூஸ்டர் ராக்கெட் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள், ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போகும், 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று போனில் எடுத்துச் சொன்னார்கள். நாசா தரப்புக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி மேலதிகாரிகள் தனியே கலந்து பேசிவிட்டு 'ஏவலாம்' என்று மாற்றிச் சொன்னார்கள். மறுநாள் 73-வது விநாடியில் விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். இன்ஜினியர்கள் வாய் மூடி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏவும் தேதி அவர்கள் பேச்சை முந்திக்கொண்டது. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) இன்ஜின்களைச் சோதிக்கிற இஸ்ரோவை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்நாட்டு கிரையோஜெனிக் இன்ஜினோடு போன முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரலில் தோற்றது. அந்த இன்ஜினோடு அடுத்த முயற்சி 2013 ஆகஸ்ட் 19. எல்லார் கண்ணும் அதன்மேல் இருந்தது. ஏவ 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்ததும் கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-ல் ஏவி ஜெயித்தார்கள். உங்கள் ஆலையில் ஒரு லாரியை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கும் அதிகாரம் ராத்திரி ஷிப்டில் யாருக்காவது உண்டா? இல்லையென்றால் டிரையர் ஆபரேட்டருக்கே கொடுங்கள்: ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டரில் இத்தனைக்கு மேல் இருந்தால் நெல் அரைவைக்குப் போகாது, யார் சொன்னாலும் போகாது, என்று எழுதி உங்கள் கையெழுத்தோடு டிரையர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

மாதக் கூட்டத்தை நிறுத்திவிடலாம். 38 பேர் முன்னால் எழுந்து குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. நமக்கு எதுக்கு வம்பு என்று இருந்துவிடுவார்கள். அதற்குப் பதில் ஷிப்ட் மாறும்போது மெஷின் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நில்லுங்கள். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் இருக்கட்டும். 'ஏதாவது குறை இருக்கா?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல அண்ணாச்சி' என்றுதான் வரும். 'ராத்திரி எந்த மெஷின் தகராறு பண்ணிச்சு? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் நின்னுச்சு?' என்று கேளுங்கள். ரப்பர் ரோலர் தேய்ந்துபோய் உமி சரியாக உரியவில்லை என்ற சங்கதி அப்போதுதான் வெளியே வரும்.

'அண்ணாச்சி, நெல்லு ஆறாமப் போகுது, குருணை சாஸ்தியா விழுது' என்று ஒருத்தர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாயில் அடுத்து வரும் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. 'இதை முந்தியே சொல்லலாம்லா? என்னத்த வே பாத்துட்டு இருந்தீரு?' என்றால், சொன்னதற்குத் திட்டு கிடைத்தது என்று மத்தியானத்துக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். 'சொன்னது நல்லதாப் போச்சு. எப்பம் இருந்து இப்படி விழுது?' என்று கேளுங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு மனுஷன் தகவல் சொல்வான். ஏன் என்று கேட்டால் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவான்.

சொன்னதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, விஷயம், யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள், கடைசியில் என்ன ஆயிற்று. சொன்னவர் பெயர் வேண்டாம். நோட்டு எடை மேடை பக்கத்தில், யாரும் புரட்டிப் பார்க்கும்படி தொங்கட்டும். ஒரு வாரத்துக்குள் பதில் எழுதியாக வேண்டும். 'முடியாது, புது ரோலர் செட்டுக்கு இந்த மாதம் பணமில்லை' என்பதும் பதில்தான், அதை ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே இல்லாத பக்கம்தான் நோட்டைக் கொல்லும். யோசனைப் பெட்டி வைத்த இடங்களில் அது குப்பைக் காகிதம் போடும் பெட்டியாகிப் போவதும் இதனால்தான். அதோடு 'இது யார் கையெழுத்து?' என்று ஒருமுறை விசாரித்துவிட்டால் பெட்டியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம்.

முதல் இரண்டு மூன்று மாதம் நோட்டு நிரம்பி வழியும். மேனேஜர் அதைக் கொண்டுவந்து, 'பாத்தீங்களா, பேசவிட்டா எவ்வளவு பிரச்சினை' என்பார். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, பதிவேட்டில் அங்கேதான் அதிகம் தென்பட்டது. தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள் என்று புரிந்தது. நோட்டில் எத்தனை குறை என்று எண்ணாதீர்கள். ஷிப்ட்வாரியாகக் குருணை சதவீதத்தையும் மெஷின் நின்ற நிமிடங்களையும் எண்ணுங்கள்.

மேனேஜரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். கெட்ட செய்தி கொண்டுவந்த நாளெல்லாம் அவர் உங்களிடம் வாங்கிக் கட்டியிருப்பார். அதனால் வடிகட்டித்தான் உங்களிடம் தருகிறார். அவரை ஒதுக்கிவிட்டு நேரே ஆட்களிடம் போனால், யார் போட்டுக்கொடுத்தது என்று தேடுவதே அவர் வேலையாகிவிடும். முதல் உரையாடல் அவரோடு, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கட்டும்: 'நான் போட்ட உத்தரவுல எது உங்களைப் பொய் சொல்ல வைக்கு?' என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள்.

அவர் பயப்படும் கட்டுப்பாடு விஷயத்தில் கோடு தெளிவாக இருக்கட்டும். செய்த தவறைத் தானே வந்து சொன்னால் சம்பளப் பிடித்தம் கிடையாது. மறைத்தால் உண்டு. குடித்துவிட்டு பாய்லர் பக்கம் வந்தாலோ, பெல்ட் மேல் உள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினாலோ, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நடவடிக்கை. அதோடு கூலி முறையையும் பாருங்கள். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர், கன்வேயரில் கோளாறு என்று நிறுத்தினால் அவர் வயிற்றில்தான் அடி. நிறுத்திய நேரத்துக்குக் கூலி கொடுக்காமல் அவரிடம் உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. களத்தில் கூட்டி அள்ளுகிற பெண்கள் ஆண்கள் நடுவில் பேச மாட்டார்கள். வடமாநிலத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கேட்க இந்தி தெரிந்த ஆள் வேண்டும், மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொன்னால் மேஸ்திரியைப் பற்றிய குறை வராது.

சட்டப்படியும் உங்களுக்கு ஒரு கடமை உண்டு. 20 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அது தனி ஆளுடைய குறைக்கு; ஷிப்ட் பேச்சுக்கு மாற்றாகாது. உள்ளே சொல்ல வழியில்லாதது ரோட்டுக்கு வரும். 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் ஆட்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும்தான். நிர்வாகம் மார்ச் முதல் வாரத்தில் இறங்கி வந்தது.

நீங்களும் மறைக்காமல் பேச வேண்டும். போனஸ் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச 8.33 சதவீதமா, மேலே உண்டா என்று தீபாவளிக்கு முந்தின வாரம் நோட்டீஸ் ஒட்டாதீர்கள். ஆவணியிலேயே நெல் விலை, கரன்ட் பில், குருணைக் கணக்கு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஷிப்ட் பேச்சைத் தொடங்க, கார் நெல் முடிந்து வேலை மட்டாக இருக்கும் ஐப்பசி கடைசி தோதான சமயம். மாசி, பங்குனியில் பிசான நெல் வந்து குவிந்து, ஆலை இரவு பகலாக ஓடி, ஆறப்போடும் நேரத்தை வெட்டச் சொல்லி நாலு பக்கமும் நெருக்கும்போது, நோட்டில் மூன்று மாதப் பதில்கள் உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.