டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு தினமும் எத்தனை மணி நேரம் படிக்கணும்? படிச்சது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது

மணிக்கணக்கு பாக்காதீங்க, 2019ல நான் கோட்ட விட்டது அதுலதான். உங்க கேள்விய பாத்தா வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து படிக்கிறீங்கன்னு தோணுது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் சமச்சீர் புக்க மூணு தடவ முடிச்சேன், மஞ்சள் ஹைலைட்டர் படாத பக்கமே இல்ல.

ஒரு மாடல் டெஸ்ட்ல மதராஸ் மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேரு எப்ப நடைமுறைக்கு வந்துச்சுன்னு கேட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது, 1967ம் 1969ம் ரெண்டுமே மஞ்சளா தெரியுது, ஆனா எது எதுக்குன்னு வரல. 67 ஜூலை 18 சட்டசபைல தீர்மானம், பேரு வந்தது 69 ஜனவரி 14. நான் 67 போட்டேன். புக்க பாத்தா தெரியுது, மூடிட்டு கேட்டா வரலங்கிறது அன்னைக்குதான் உறைச்சுது.

அப்புறம் வீட்டு நிலைமைக்காக திண்டிவனம் பைபாஸ்ல ஒரு பெட்ரோல் பங்க்ல நைட் ஷிப்ட் போனேன். அங்க புக்கு விரிக்க முடியாது. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் ஒரு கேள்வி எழுதி, மடிச்சு உள்ள விடைய எழுதி, சட்டைப் பையில பத்து சீட்டு வச்சுப்பேன். வண்டி இல்லாத நேரம் ஒண்ண எடுத்து, விடைய வாய்விட்டு சொல்லிட்டுதான் பிரிப்பேன். தப்பா சொன்னது மறுநாளும் பையில வரும், சரியா சொன்னது மூணு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு. சீட்டு எழுதுற நேரத்துல நாலு பக்கம் படிச்சிடலாமேன்னு சிலர் சொல்வாங்க, படிக்கலாம், நான் படிச்சு பாத்துட்டுதான் சொல்றேன்.

கணக்குக்கு சீட்டு உதவாது. 25 கேள்வி அதுல வருது, தனிவட்டி, மீ.சி.ம., வேலையும் நேரமும்னு தினம் பத்து கணக்கு கையால போட்டே ஆகணும். ஞாயிறு காலைல 200 கேள்வி, மூணு மணி நேரம், ஓஎம்ஆர் ஷீட் ஜெராக்ஸ் எடுத்து பேனாவால வட்டம் நிரப்பி பாருங்க, ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் கூட கிடையாது. தமிழ லேசா எடுத்துக்காதீங்க, 150 மார்க்குக்கு 60 வரலன்னா அடுத்த பகுதிய திருத்தவே மாட்டாங்க.

2022ல பாஸ் பண்ணேன். பண்ணதும் ஒரு கோச்சிங் சென்டர்ல என் போட்டோவ ப்ளெக்ஸ்ல போட்டுட்டாங்க. அங்க நான் ரெண்டு டெஸ்ட் மட்டும்தான் எழுதினேன், அதுக்கும் காசு கட்டினேன். எடுங்கன்னு மூணு தடவ போய் கேட்டேன், பெருமைதானே தம்பின்னு அனுப்பிட்டாங்க. அத பாத்து எங்க ஊரு பொண்ணு ஒருத்தி கம்மல அடகு வச்சு அங்க சேந்துருக்கா. எனக்கு ஆறவே இல்ல.

நீங்க இப்போதைக்கு பீஸ் எதுவும் கட்டாதீங்க. இன்னைக்கு படிச்ச பாடத்த மூடி வச்சுட்டு பத்து சீட்டு எழுதுங்க, நாளைக்கு காலைல பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி எடுத்து பாருங்க, எத்தன வருதுன்னு.