நரம்பு பாதித்தால் உடம்பில் என்ன ஆகும்?

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழைதான் நரம்பு. உறை கிழிந்த மின்கம்பியில் மின்சாரம் கசிவதுபோல, மேலுறை சிதைந்த நரம்பில் செய்தி தடுமாறும். மரத்துப்போவது, எரிச்சல், ஊசி குத்துவது எல்லாம் இப்படி வருபவைதான். தசைக்குப் போகும் நரம்பு கெட்டால் சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் ஒத்துழைக்காது. நாளடைவில் தசையும் மெலியும்.

நீண்டநாள் சர்க்கரை நோயில் நீளமான நரம்புகளே முதலில் அடிவாங்கும்; அதனால் பெரும்பாலும் கால்விரலில்தான் தொடங்கும். வலியைவிட வலி தெரியாததுதான் ஆபத்து என்பேன். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் புண்ணாக்கிய பிறகும் கால் சொல்லாது.

கெட்ட நரம்பு மீளவே மீளாது என்று பலர் நினைக்கிறார்கள். அது மூளை, தண்டுவடத்துக்குத்தான் பெருமளவு பொருந்தும்; கை, கால் நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் மறுபடி வளரக்கூடும்.