அகதி ஸ்பொன்சர் இடங்கள்: யாருக்கு, எப்படிப் பங்கிடுகிறார்கள்?

கனடாவில் அகதிகளை ஸ்பொன்சர் செய்யும், அதாவது தங்கள் பொறுப்பில் அழைத்துத் தாங்கும், ஒப்பந்த அமைப்பு ஒன்றில் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. இடப் பங்கீடு பற்றி உங்களில் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் கோயில் குழுவிடம் காசு இருக்கிறது, தங்க வீடும் பார்த்துவிட்டோம். ஆனால் "இடம் இல்லை" என்கிறார்கள். செலவு எங்களுடையது என்றால் இடத்துக்கு ஏன் தட்டுப்பாடு?

செலவு உங்களுடையது, விசா அரசினுடையது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேரை எடுப்பது என்று குடிவரவுத் திட்டத்தில் எண் போடுவார்கள். தனியார் ஸ்பொன்சருக்கு 2024இல் 27,750 பேர், 2025இல் 23,000 பேர். கனடாவில் ஸ்பொன்சர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எப்போதும் இந்த எண்ணை விட அதிகம். அதனால் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2012 முதல், ஒவ்வொரு ஒப்பந்த அமைப்பும் ஓர் ஆண்டில் இத்தனை பேருக்குத்தான் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அளவு வைத்தார்கள். உங்களிடம் இல்லை என்று சொன்னது அந்த இடம்தான்.

ஒப்பந்த அமைப்பு, கிளைக் குழு, ஐவர் குழு... என்ன வித்தியாசம்?

குடிவரவுத் திணைக்களத்துடன் ஸ்பொன்சர் ஒப்பந்தம் எழுதியவை ஒப்பந்த அமைப்புகள். நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, பல தேவாலயங்களோடு தொடர்புள்ளவை. அவற்றின் கீழ் இயங்கும் உள்ளூர் குழுதான் கிளைக் குழு. அதற்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது, தாய் அமைப்பின் பங்கில் இருந்துதான் வர வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஐந்து பேர் சேர்ந்து தாங்களே ஸ்பொன்சர் செய்தால் ஐவர் குழு. ஆனால் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை 2024 நவம்பர் 29 முதல் திணைக்களம் நிறுத்தி வைத்தது. அந்த வாசல் மூடியதும் எல்லோரும் ஒப்பந்த அமைப்புகளின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இன்றைய நிலையைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஓர் இடம் போதும்தானே?

இல்லை தம்பி. ஆறு பேருக்கு ஆறு இடம். இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது ஏமாற்றமாக இருக்கும்.

உதாரணத்துக்கு ஓர் அமைப்புக்கு 20 இடம் கிடைக்கிறது, அதில் ஏழுதான் மிச்சம் என்று வையுங்கள். மேசையில் ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் கோப்பு இருக்கிறது. பக்கத்தில் தனியாக இருக்கும் ஏழு பேரின் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு தயாராக நிற்கிறது. குடும்பத்தை எடுத்தால் அந்த ஏழு குழுக்களும் வெறுங்கையோடு திரும்பும். தனியாட்களை எடுத்தால் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடம் இல்லாமல் இருக்கும். கணக்குப் பார்த்து முடிகிற காரியம் இல்லை இது. எத்தனை குழுக்களைத் திருப்திப்படுத்தினோம் என்று பார்க்கும் அமைப்புகள் சிறிய கோப்புகளையே எடுத்துக்கொண்டு போகும், பெரிய குடும்பங்கள் ஆண்டாண்டாகப் பின்தள்ளப்படும். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைப் பெரிய குடும்பங்களுக்கென்று முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அமைப்புக்குள் எப்படித் தெரிவு செய்கிறார்கள்? முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதுதானே நியாயம்?

அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். சிலர் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கிறார்கள், சிலர் குலுக்கல் போடுகிறார்கள், சிலர் ஆபத்து, குழுவின் தயார்நிலை, நிதி ஆகியவற்றைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள்.

முதலில் வந்தவர் முறை பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். கியூபெக்கில் நடந்ததைப் பாருங்கள். அந்த மாகாணத்துக்குத் தனி ஸ்பொன்சர் திட்டம் உண்டு. 2020 ஜனவரியில் விண்ணப்பங்களைக் கூரியர் மூலம், வந்த வரிசைப்படி வாங்கினார்கள். மொன்றியலில் கடும் குளிரில் நாட்கணக்காக வரிசை நின்றது. வரிசையில் இடம் பிடிக்கக் காசு கைமாறியதாகவும் மிரட்டல் நடந்ததாகவும் செய்திகள் வந்தன. பிறகு குலுக்கலுக்கு மாறினார்கள். குலுக்கலில் யாரும் யாரையும் தள்ளிவிட முடியாது, ஆனால் உயிராபத்தில் இருப்பவரும் இருப்பிடமாவது உள்ளவரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். என்னைக் கேட்டால் புள்ளி முறைதான் மேல், விதிகளை முதலிலேயே எழுதி எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். இடம் கிடைக்காதவருக்குக் காரணமும் சொல்ல வேண்டும், அது நாம் அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

உறவினருக்கு முன்னுரிமை கொடுப்பது தவறா?

தவறில்லை. தனியார் ஸ்பொன்சர் திட்டத்தின் பலமே ஆளின் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்பதுதான். வந்து இறங்கியவர் தம்பியையும் அக்காவையும் நினைப்பது இயல்பு. ஆனால் எல்லா இடமும் இப்படியே போனால், கனடாவில் ஒருவருமே இல்லாத அகதியை யார் கேட்பார்கள்? ஒதுக்கீட்டைத் தொடாமலே இதற்கு ஒரு வழி உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையம் பரிந்துரைத்தவர்களை அரசும் ஸ்பொன்சரும் செலவைப் பகிர்ந்து எடுக்கும் கலப்புத் திட்டம், 2013இல் வந்தது. இந்த இடங்களும் மிகக் குறைவுதான். உங்கள் குழு வாய்ப்பு வரும்போது அதையும் கேட்டுப் பாருங்கள்.

என் தம்பி யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். மச்சான் குடும்பம் தமிழ்நாட்டு முகாமில். யாரை எடுக்கலாம்?

தம்பியை இந்தத் திட்டத்தில் எடுக்க முடியாது. விண்ணப்பிப்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மச்சான் வெளியே இருக்கிறார், ஆனால் அது மட்டும் போதாது. அகதி என்ற வரையறைக்குள் வருகிறாரா, அங்கே அவருக்கு நிரந்தரத் தீர்வு (நிலையாக வாழ ஒரு வழி) இருக்கிறதா என்று விசா அதிகாரி நேர்காணலில் கேட்டு முடிவு செய்வார். ஐவர் குழு மூலம் என்றால் ஐ.நா. ஆணையமோ அந்த நாட்டு அரசோ அகதியாக ஏற்ற சான்று தேவை. ஒப்பந்த அமைப்புக்கு அந்தச் சான்று கட்டாயம் இல்லை. அதனால்தான் அதன் இடங்களுக்கு இவ்வளவு போட்டி.

ஒருவர் தன்னிடம் "இடம்" இருக்கிறது, அகதியிடம் 5,000 டாலர் வாங்கித் தாருங்கள் என்கிறார்.

கொடுக்காதீர்கள். ஸ்பொன்சர் செய்வதற்காக அகதியிடம் காசு கேட்பதும் வாங்குவதும் தடை, அவர் இங்கே வந்த பிறகு திருப்பிக் கேட்பதும் தடை. வரும் நாளில் இருந்து பொதுவாக 12 மாதம் அவரைத் தாங்க வேண்டியது ஸ்பொன்சர்தான். தனியாள் ஒருவருக்கு 16,500 டாலர் என்பது பல குழுக்கள் பார்த்துப் பழகிய அளவு, அதைக் குழு தானே திரட்ட வேண்டும். இடம் விற்பனைக்கு இல்லை. கேட்ட குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், அவர் பெயர் சொல்லும் அமைப்பின் அலுவலகத்துக்கு நேரே அறிவியுங்கள்.

நாலைந்து அமைப்புகளில் ஒரே ஆளின் பெயரைக் கொடுத்து வைக்கலாமா?

விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் ஓரிடத்தில் எடுத்துக்கொண்டதும் மற்ற எல்லாருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஒதுக்கீட்டை அந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். நவம்பரில் வந்து "அவருக்கு வேறிடத்தில் சரி வந்துவிட்டது" என்று சொன்னால், அந்த இடத்துக்கு வேறு ஒருவரின் படிவங்களை நிரப்பி, கையெழுத்து வாங்கி, கடவுச்சீட்டுப் பிரதி எடுத்து அனுப்ப நேரம் போதாது. இரண்டாவது பெயர் ஒன்றின் படிவங்களையும் முழுதாகத் தயார் செய்து வைத்திருக்கும்படி எங்கள் கிளைக் குழுக்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.