நிலாவில் மண் அரைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் பரமத்தி வேலூர்க்காரர்கள். பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் சந்திரயான் சோதனைக்கு நிலா மண் செய்தார்கள் என்பதில் என் மகனுக்குப் பெரிய பெருமை. எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கேட்டான்: "இங்கே மெஷினில் அரைத்தார்கள், சரி. அங்கே காற்றும் இல்லை, தண்ணியும் இல்லை. யார் அரைத்தது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேள்வியோடு பாதி பதிலையும் சேர்த்தே சொல்லிவிட்டான். காற்று இல்லாததால்தான் அங்கே அவ்வளவு தூசி.

விண்வெளியில் மணலைவிடப் பொடியான துகள்கள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கின்றன. பூமிப் பக்கம் வந்தால் காற்றில் எரிந்துபோகும், அல்லது வேகம் செத்து மெல்ல இறங்கும். நிலாவில் தடுக்க ஆளில்லை. வினாடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது அதே வேகத்தில் பாறையில் மோதும். துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 1 கிலோமீட்டர் போனாலே அதிகம். பெரிய விண்கல் குழி பறித்துப் பாறையைச் சிதறடிக்கும். சிதறியதைப் பொடித் துகள்கள் விடாமல் நொறுக்கும். 400 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. கருத்த சமவெளிகளில் 4, 5 மீட்டர் ஆழத்துக்கும், பழைய மேட்டு நிலங்களில் 10, 15 மீட்டருக்கும் மண் சேர்ந்திருக்கிறது. பகலில் 100 டிகிரிக்கு மேல் கொதித்து, இரவில் மைனஸ் 150க்கும் கீழே போவதால் பாறை விரிசல் விடுவதும் உண்டு. ஆனால் முக்கிய அரைவை விண்கற்களுடையதே.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. மோதலின் சூட்டில் துளி மண் உருகிக் கண்ணாடியாகிறது. உறைவதற்குள் பக்கத்துத் துகள்களைப் பற்றிக்கொள்கிறது, வெல்லப்பாகு பொரியைப் பிடித்து உருண்டையாக்குவது போல. நெடுங்காலம் மேலே கிடந்த மண்ணில் பாதிக்கு மேல்கூட இப்படி ஒட்டிய துகள்களாக இருப்பதுண்டு. அடுத்த மோதல் அந்த உருண்டையையும் உடைக்கும். உடைந்தது மறுபடி உருகி ஒட்டும். அதனால் நிலாத் தூசியின் ஒவ்வொரு துகளும் பலமுறை உடைந்து, பலமுறை சேர்ந்ததாக இருக்கலாம். நடுவே சூரியனிலிருந்து வரும் ஹைட்ரஜன் அதில் புதைகிறது. கண்ணுக்கே தெரியாத இரும்புத் துணுக்குகள் மேலே படிந்து அதைக் கருக்க வைக்கின்றன.

சித்தம்பூண்டிக் கல் பொருத்தமானது என்பதில் சந்தேகமே வேண்டாம். நிலாவின் வெளிர் மேட்டு நிலங்களில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறைதான் அது. ஆனால் நம் அரைவை இயந்திரத்தால் அந்தக் கண்ணாடி ஒட்டிய துகள்களைச் செய்ய முடியாது.

இன்னொன்று, அங்கே துகளை உருட்டித் தேய்க்க ஆறும் இல்லை, காற்றும் இல்லை. உடைந்த முனை கூர்மையாகவே நிற்கும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணிகள் இதை நன்றாக அனுபவித்தார்கள். உடையில் ஒட்டிய தூசி கலத்துக்குள் வந்தது. அவர்களில் ஹாரிசன் ஷ்மிட் என்ற பாறை ஆய்வு விஞ்ஞானிக்கு மூக்கடைத்து, ஒவ்வாமை போலத் தும்மல். வெடித்த துப்பாக்கி மருந்து வாசனை அடித்ததாம். கையுறையின் மேல்துணி தேய்ந்தது. அப்பல்லோ பயணங்களில் மண் மாதிரி வைத்த பெட்டிகளின் மூடியும் தூசியால் இறுக்கமாகப் பொருந்த மறுத்ததுண்டு.

உங்கள் ஊரில் காவிரி ஓடுகிறது. மகனிடம் ஒரு கை ஆற்று மணலும், கட்டட வேலைக்கு இறக்கும் எம்-சாண்ட் ஒரு கையும் கொடுங்கள். தண்ணீரில் உருண்ட மணல் விரலில் வழுக்கும், இயந்திரத்தில் உடைத்தது உறுத்தும். நிலா மண் இந்த இரண்டாவதன் பக்கம். அதை மாவு போலப் பொடித்து, கண்ணாடிச் சில்லும் கலந்ததாக அவன் நினைத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்