மனு திரும்பி வந்த வழி

அன்புள்ள ஐயா,
வாகனச் சோதனையில் எஸ்.ஐ. ஒருவர் என் தம்பியைக் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார். காவல்துறை புகார் ஆணையத்தில் மனு கொடுக்கலாம் என்கிறேன். வீட்டில் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. 'கண்துடைப்பு, வம்பு வேண்டாம்' என்கிறார்கள். இப்படி விசாரித்தால் போலீஸின் மனஉறுதி கெடும் என்கிறார் மாமா. கொடுக்கலாமா?
க.

அன்புள்ள க.,

தம்பிக்குக் காது கேட்கிறதா? முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அடித்தது யார் என்பதும் பதிவாகட்டும்.

அறைந்தால்தான் நிலைக்கும் மனஉறுதி கெட்டால் கெடட்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

என் அப்பா ஒருமுறை உள்ளூர் ஸ்டேஷன் மீது கலெக்டரிடம் மனு கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே ஸ்டேஷன் ஏட்டு பைக்கில் வந்து இறங்கினார். கையில் அப்பாவின் மனு. கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ், டி.எஸ்.பி. ஆபீஸ் என்று முத்திரை மேல் முத்திரை வாங்கி, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. "சமாதானமாப் போயிட்டோம்னு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் ஏட்டு, தணிந்த குரலில். அப்பா எழுதிக் கொடுத்தார். பேனாவுக்கு மூடி போடும்போது அவர் விரல் நடுங்கியது.

அந்த வழியை அடைக்கத்தான் ஆணையம். 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளே தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலரைத் தலைவராக்கி டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது, மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அப்பாவின் மனுவில் குத்திய அதே முத்திரைகள், ஒரே மேசையில்! எப்படி நம்பிக்கை வரும்?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்குள் போனார். கேமரா பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர். தலைமைக் காவலர் ரேவதி பயந்து பயந்து சாட்சி சொன்னதும் அவரிடம்தான். காக்கி உடுத்தியவருக்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

'கண்துடைப்பு' என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போகிறார்களே, அவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். நீதிபதியைத் தலைவராகப் போடு என்று அவர்களில் ஒருவராவது தங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்டதுண்டா?

மனு கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்தால் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். தம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.