பதில்: அகிதாவில் கூடைப்பந்து பார்க்கத் தனியாகப் போகலாமா?

வணக்கம். வேலைக்காக ஜப்பானின் அகிதாவுக்கு வந்திருக்கிறீர்கள், ஜப்பானிய மொழி தெரியாது, உள்ளூர் கூடைப்பந்து அணியான நார்தர்ன் ஹாப்பினெட்ஸ் ஆட்டத்துக்குத் தனியாகப் போகத் தயக்கம் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் அரங்கமே எழுந்து அகிதா மாகாணப் பாடலைப் பாடும். 1930-இல் பிறந்த பாட்டு அது. வரி தெரியாவிட்டால் எழுந்து நின்றாலே போதும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

உடையில் ஏதாவது ஒன்று பிங்க் நிறத்தில் இருக்கட்டும். அணியின் நிறம் அது. எதிரணியின் கையில் பந்து இருக்கும்போது "டிஃபென்ஸ்" என்று கத்துவார்கள், அதற்கு மொழி வேண்டாமே! அப்புறம், இங்கே ரசிகர்களை "பூஸ்டர்" என்பார்கள்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்க ஆசையா? இந்த மாகாணத்து ஊரான நோஷிரோவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து முதன்முதலில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், 2004-இல், ஆடிய யூதா தபுசே படித்த பள்ளி அந்த ஊரில்தான். இந்த மாகாணத்துக்குக் கூடைப்பந்து நேற்று வந்த மோகம் அல்ல.

கூடை வளையப் பக்கத்து மலிவு இருக்கையே முதல் தடவைக்குச் சரி.